பிரிட்டிஷ் அரச குடும்பத்து டியாராக்கள்: அணிபவர் ஒருவர், உரியவர் இன்னொருவர்

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கிங்ஹாம் அரண்மனையில் ஓர் அரசு விருந்து நடந்தால் போதும், மறுநாள் காலை அதே கேள்விகள் வரிசை கட்டி வந்துவிடும். கேட் அணிந்திருந்தது டயானாவுடையதா? கமிலாவுக்கு அது எப்படிக் கிடைத்தது? மேகனுக்கு ஏன் திரும்பக் கொடுக்கவில்லை? இந்தக் கேள்விகளில் பாதி, அணிந்தவரே சொந்தக்காரர் என்று நினைத்துக் கேட்கப்படுபவை. பெரும்பாலும் அது அப்படி இல்லை.

டியாராவும் கிரீடமும் ஒன்றா?

இல்லை. கிரீடம் ஆட்சியின் சின்னம். முடிசூட்டு விழா, நாடாளுமன்றத் தொடக்கம் போன்ற சடங்குகளுக்கு உரியது. டியாரா பெண்கள் மாலை விருந்துகளுக்கும் திருமணத்துக்கும் வைத்துக்கொள்ளும் தலை நகை. பெரும்பாலும் முன்பக்கம் மட்டும் வளைந்து நிற்கும், பின்னால் திறந்திருக்கும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒன்று உண்டு. வைர டயடம் என்று அழைக்கப்படும் அது முழு வட்டம். 1,333 வைரங்களும் 169 முத்துகளும் கொண்டது. இன்று ராணிகளின் அடையாளமாகவே பார்க்கப்படும் அந்த நகை செய்யப்பட்டது ஓர் ஆணுக்காக! நான்காம் ஜார்ஜ் 1821-இல் தன் முடிசூட்டு விழாவுக்கு அணிந்துசெல்ல அதைச் செய்வித்தார். அவருக்குப் பின் அது பெண்கள் தலைக்குப் போனது, திரும்பி வரவேயில்லை.

எல்லாம் நாட்டுச் சொத்துதானே? மன்னர் வெறும் காவல்காரர்தானே?

பாதி சரி. அரச நகைகளை மூன்று கூறாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும்.

முதல் கூறு லண்டன் டவரில் இருப்பவை: கிரீடங்கள், செங்கோல், உருண்டை. இவற்றை எந்த மன்னரும் விற்க முடியாது. இரண்டாவது, முடிக்குரிய பரம்பரை நகைகள். அரியணையில் யார் இருக்கிறாரோ அவரிடம் வந்து, அடுத்தவரிடம் அப்படியே போகும். வைர டயடம் இந்த வகை. மூன்றாவது, சொந்த நகை: தன் பணத்தில் வாங்கியது, பரிசாக வந்தது, உயிலில் கிடைத்தது. சட்டப்படி இதை விற்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம், உடைத்து வேறு செய்யலாம்.

நாம் படங்களில் பார்க்கும் டியாராக்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது கூறில்தான் வருகின்றன. எது இரண்டாவது, எது மூன்றாவது என்ற முழுப் பட்டியலை அரண்மனை வெளியிடுவதில்லை. வசதி அவர்களுக்கு.

இந்தப் பிரிவினை எப்போது, ஏன் வந்தது?

விக்டோரியா ராணி ஒரு வழக்கில் தோற்றதிலிருந்து என்று சொல்லலாம். கதை 1818-இல் தொடங்குகிறது. மூன்றாம் ஜார்ஜின் மனைவி சார்லட் ராணி அந்த ஆண்டு இறந்தபோது, தன் நகைகளில் ஒரு பெரும்பகுதியை ஹனோவர் அரச வம்சத்துக்கு என்று எழுதிவைத்தார். அப்போது அதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை. பிரிட்டனுக்கும் ஜெர்மனியின் ஹனோவருக்கும் அரசர் ஒருவரே.

1837-இல் விக்டோரியா பட்டத்துக்கு வந்தார். ஹனோவரில் வாரிசு உரிமை ஆண் வழிக்கே என்பதால் அந்த அரியணை அவருடைய சித்தப்பா எர்னஸ்ட் அகஸ்டஸுக்குப் போனது. போன கையோடு அவர் "அம்மாவின் நகைகள் எங்கே?" என்று கேட்டார். விக்டோரியாவோ அவற்றை அணிந்துகொண்டு விருந்துகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். இழுபறி 20 ஆண்டு நீடித்தது. எர்னஸ்ட் அகஸ்டஸ் 1851-இல் இறந்தே போனார், மகன் விடவில்லை. 1857-இல் தீர்ப்பு ஹனோவருக்குச் சாதகமாக வந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நகைகள் கைமாறின.

கழுத்தில் போட வைர மாலை இல்லாமல் போன விக்டோரியா, 1858-இல் கேரார்ட் நகைக்கடையில் புதிய மாலை ஒன்றைச் செய்யச் சொன்னார். அதற்கு வைரம் வெளியிலிருந்து வாங்கவில்லை. பழைய வாள்பிடியிலிருந்தும் கார்ட்டர் விருதுச் சின்னத்திலிருந்தும் கழற்றி எடுத்தார்கள். அதன் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம்: இவை முடிக்குரியவை என்று தன் நகைகள் சிலவற்றைக் குறித்து எழுதிவைத்தார். குடும்பத்துக்குள் இன்னொரு பாகப்பிரிவினைச் சண்டைக்கு இடம் வைக்கவில்லை.

அப்படி எழுதிவைத்ததில் டியாரா உண்டா?

உண்டு. 1853-இல் கணவர் ஆல்பர்ட் வடிவமைத்த 'ஓரியண்டல் சர்க்லெட்'. முகலாய வளைவுகளுக்கு நடுவே தாமரை மலர்கள்; லண்டனுக்கு வந்திருந்த இந்திய நகைகளைப் பார்த்துச் செய்தது அது. முதலில் அதில் இருந்தவை ஆல்பர்ட்டுக்குப் பிடித்த ஓபல் கற்கள். 1901-இல் ராணியான மருமகள் அலெக்ஸாண்ட்ரா, அடுத்த ஆண்டு ஓபலை எடுத்துவிட்டு மாணிக்கம் பதித்தார். ஓபல் ராசியில்லாத கல் என்ற நம்பிக்கை அங்கே அன்று பலமாக இருந்தது. மாமனார் ரசனை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், பயம் ஜெயித்தது.

இத்தனை டியாரா சேர்ந்தது யாரால்?

மேரி ராணியால். ஐந்தாம் ஜார்ஜின் மனைவி, இரண்டாம் எலிசபெத்தின் பாட்டி. இவரைத் தவிர்த்து இந்தப் பேழையைப் பற்றிப் பேச முடியாது. வாங்குவார், அழிப்பார், மறுபடி செய்வார். ஒரு டியாராவின் முத்தை எடுத்து இன்னொன்றில் தொங்கவிடுவார். வரலாறு எழுதுகிறவர்களுக்குத் தலைவலி கொடுப்பவர் இவர்தான்.

ஓர் உதாரணம். 1893-இல் அவர் திருமணத்துக்கு, லேடி ஈவா கிரெவில் தலைமையில் ஒரு பெண்கள் குழு நாடு முழுக்க நிதி திரட்டி ஒரு டியாரா வாங்கித் தந்தது. 'கிரேட் பிரிட்டன், அயர்லாந்துப் பெண்கள் டியாரா' என்றே அதற்குப் பெயர். திருமணத்துக்குச் சில நாள் முன்னர், ஜூன் 22 அன்று, ஹெச்.எம்.எஸ். விக்டோரியா போர்க்கப்பல் இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் மோதி லெபனான் கரைக்கு அப்பால் மூழ்கி 358 பேர் இறந்தார்கள். நகை வாங்கியது போக மிஞ்சிய பணத்தை அந்தக் குடும்பங்களுக்குக் கொடுக்கச் சொன்னார் மேரி.

முதலில் அந்த டியாராவின் உச்சியில் 14 முத்துகள் வரிசையாக நின்றன. 1914-இல் அவற்றைக் கழற்றி 13 வைரங்களை வைத்தார். முத்துகள் அப்போது புதிதாகச் செய்த 'லவர்ஸ் நாட்' டியாராவுக்குப் போயின. அந்தப் புதியதும் தன் பாட்டி கேம்பிரிட்ஜ் கோமகளிடம் இருந்த ஒன்றைப் பார்த்துச் செய்ததுதான். 1947-இல் பேத்தி எலிசபெத்தின் கல்யாணத்துக்குப் பெண்கள் டியாராவைப் பரிசாகவே கொடுத்துவிட்டார். எலிசபெத் அதைப் 'பாட்டியின் டியாரா' என்றுதான் சொல்வாராம். 2023 அக்டோபரில் கமிலா அதை முதல்முறையாக அணிந்தார்.

அது காசில் இருக்கும் டியாராவா?

ஆம். 1968 முதல் வந்த நாணயங்களில் எலிசபெத் தலையில் இருப்பது பெண்கள் டியாரா. 1985-இல் வைர டயடத்துக்கு மாற்றினார்கள். 1998-இல் மறுபடி பெண்கள் டியாரா. 2015-இல் மறுபடி டயடம். பிரிட்டனில் இருப்பவர்கள் சில்லறையைக் கவிழ்த்துப் பார்க்கலாம். உச்சியில் சிலுவை தெரிந்தால் டயடம். 1967 முதல் வந்த அஞ்சல் தலைகளில் இருப்பதும் டயடம்தான்.

ரஷ்யப் புரட்சியின்போது கடத்தி வரப்பட்ட டியாரா என்கிறார்களே, உண்மையா?

உண்மை. வ்ளாதிமிர் டியாரா. 1870-களில் ரஷ்ய அரச நகைக்காரர்களான போலின் செய்தது: ஒன்றோடொன்று பின்னிய 15 வைர வளையங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஆடும் ஒரு முத்து. சொந்தக்காரர் வ்ளாதிமிர் இளவரசரின் மனைவி மரியா பாவ்லோவ்னா. 1917-இல் அவர் காகசஸ் பக்கம் போய்விட்டார். நகைகள் பெட்ரோகிராட் மாளிகையின் ரகசியப் பெட்டகத்திலேயே தங்கிவிட்டன. குடும்ப நண்பரான ஆல்பர்ட் ஸ்டாப்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் உள்ளே புகுந்து, நகைகளைப் பழைய தோல் பைகளில் திணித்து லண்டன் வங்கி ஒன்றுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

மரியா 1920-இல் பிரான்சில் இறந்தார். பாகம் பிரித்த விதம் அழகு: மரகதம் ஒரு மகனுக்கு, முத்து ஒரு மகனுக்கு, மாணிக்கம் ஒரு மகனுக்கு, வைரம் மகள் எலேனாவுக்கு. எலேனா வாழ்க்கைப்பட்டது கிரேக்க அரச குடும்பத்தில். அவர்களும் நாடு கடத்தப்பட்டு அலைந்த காலம் அது. 1921-இல் மேரி ராணிக்கு 28,000 பவுண்டுக்கு டியாராவை விற்றார். மேரி சும்மா இருப்பாரா? முத்து இருந்த இடத்தில் மரகதத்தையும் மாட்டும்படி மாற்றினார். இன்று முத்தோடு, மரகதத்தோடு, இரண்டும் இல்லாமல் என்று மூன்று விதமாக அணியலாம்.

1934-இல் எலேனாவின் மகள் மரீனா, மேரியின் மகன் கென்ட் கோமகனை மணந்து அந்த வீட்டுக்கே மருமகளாக வந்தார். அம்மா வீட்டு நகை மாமியார் தலையில்! அந்த விருந்துகளில் மரீனாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு.

சட்டப்படி இதில் வில்லங்கம் இல்லை. உரிமையுள்ள மகள் விற்றார், காசு கொடுத்து வாங்கினார்கள். நெருக்கடியில் விற்ற விலை நியாயமா என்பது வேறு கேள்வி.

மரகதம் எங்கிருந்து வந்தது?

லாட்டரியில்! மேரியின் பாட்டி, கேம்பிரிட்ஜ் கோமகள் அகஸ்டா, 1818-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த குலுக்கலில் ஒரு பெட்டி மரகதம் வென்றார். அது மகளுக்கு வந்து, பிறகு மேரியின் தம்பி ஃபிரான்சிஸ் இளவரசர் கைக்குப் போனது. திருமணம் செய்துகொள்ளாத அவர் 1910-இல் இறந்தபோது மரகதங்களைத் தன் காதலி கில்மோரி சீமாட்டிக்கு எழுதிவைத்திருந்தார்.

மேரி இரண்டு காரியம் செய்தார். கற்களை அந்தப் பெண்ணிடமிருந்து திரும்பப் பெற்றார். 10,000 பவுண்டு கொடுத்ததாகச் சொல்வார்கள். தம்பியின் உயிலை யாரும் பார்க்க முடியாதபடி நீதிமன்றத்தில் முத்திரையிட வைத்தார். 1911-இல் டெல்லி தர்பாருக்காகச் செய்த டியாராவின் உச்சியில் அதே மரகதங்கள் ஏறின.

இரண்டாவது காரியம்தான் இன்றுவரை நீள்கிறது. பிரிட்டனில் யாருடைய உயிலும் நிரூபிக்கப்பட்டபின் பொது ஆவணம். அரச குடும்ப மூத்தவர்களுடையது மட்டும் மூடப்படும். 2021-இல் இரண்டாம் எலிசபெத்தின் கணவர் ஃபிலிப் கோமகனின் உயிலை 90 ஆண்டுக்கு மூடிவைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்படி மூடிய 30-க்கும் மேற்பட்ட உறைகள் தன் பொறுப்பில் ஒரு பெட்டகத்தில் இருப்பதாக அந்த நீதிபதியே தீர்ப்பில் சொன்னார். எந்த டியாரா யாருக்கு எழுதப்பட்டது என்று நம்மால் அடித்துச் சொல்ல முடியாததற்குக் காரணம், கடைசியில், ஒரு காதலியும் ஒரு பெட்டி பச்சைக்கல்லும்.

ஏன் எல்லாம் மன்னரிடமே போய்ச் சேர்கிறது? மகள்கள், பேத்திகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாமே?

வரி. பிரிட்டனில் வரம்புக்கு மேற்பட்ட சொத்துக்கு மரணத்துக்குப் பின் 40 சதவீதம் வாரிசு வரி. 1993-இல் அரசோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ஒரு மன்னர் அடுத்த மன்னருக்கு எழுதிவைப்பதற்கு இந்த வரி கிடையாது. மறைந்த மன்னரின் துணைவி, அப்போது ஆட்சியில் இருக்கும் மன்னருக்கு எழுதிவைப்பதற்கும் கிடையாது. 2002-இல் ராணித் தாயார் (எலிசபெத்தின் அம்மா) இறந்தபோது அவருடைய நகைகள் மகளான ராணிக்கு வரி இல்லாமல் போனது இந்த வழியில்தான். அதையே பேத்திக்கு எழுதியிருந்தால் வரி விழுந்திருக்கும்.

ஆகவே பட்டத்துக்கு வருபவர் பெயரில் எழுது, மற்றவர்களுக்கு அவர் இரவல் கொடுக்கட்டும் என்பதே வழக்கமாகிவிட்டது. ஒருவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவதும் உண்டு. ஆனால் பெரிய டியாராக்கள் அப்படிக் கைவிட்டுப் போவது அரிது.

அப்படியென்றால் டயானாவின் டியாரா?

இரண்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். 1981 திருமணத்தில் அணிந்தது ஸ்பென்சர் டியாரா. அது அவர் பிறந்த வீட்டு நகை, இன்றும் அந்தக் குடும்பத்தில் இருக்கிறது. பிறகு அடிக்கடி அணிந்தது, 19 முத்துகள் தொங்கி ஆடும் லவர்ஸ் நாட். அது மாமியார் கொடுத்த இரவல். கனத்தால் தலை வலிக்கிறது என்று அவர் சொன்னதுண்டு. 1996 விவாகரத்துக்குப் பிறகு அது திரும்பிப் போனது. 2015 டிசம்பரில் கேட் தலையில் தெரிந்தபோது "மாமியார் நகையை மருமகள் போட்டிருக்கிறார்" என்று உருகி எழுதினார்கள். உருகுவதில் தப்பில்லை; கொடுத்தது டயானா இல்லை என்பது மட்டும்தான்.

கேட், மேகன், பியாட்ரிஸ் திருமணத்தில் அணிந்தவை?

மூன்றும் ராணி தந்த இரவல். 2011-இல் கேட்: கார்ட்டியே ஹேலோ டியாரா, 1936-இல் எலிசபெத்தின் அப்பா மனைவிக்கு வாங்கியது. 2018-இல் மேகன்: மேரி ராணியின் 1932 வைரப் பட்டை. 2020-இல் ராணியின் பேத்தி பியாட்ரிஸ்: ஃபிரிஞ்ச் டியாரா.

கல்யாண நாளில் டியாரா உடைந்த கதை உண்மையா?

அதே ஃபிரிஞ்ச் டியாராதான். விக்டோரியா 1893-இல் மேரிக்குக் கொடுத்த வைர மாலையை உடைத்து 1919-இல் செய்தது. 47 வைரக் கம்பிகள் வேலி போல நிற்கும். 1936-இல் மேரி மருமகளுக்குக் கொடுத்தார். அவர் 1947 நவம்பர் 20 அன்று மகள் எலிசபெத்தின் திருமணத்துக்கு இரவல் தந்தார். காலையில் தலையில் வைத்துச் சரிசெய்யும்போது சட்டம் படீரென்று முறிந்தது. அவசரத்துக்கென்று நகைக்காரர் ஒருவர் அரண்மனையிலேயே தயாராக இருந்தார். காவல் துணையோடு பட்டறைக்கு ஓடி, பற்றவைத்துக் கொண்டுவந்தார்.

அன்றைய படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுக் கம்பிக்கும் பக்கத்துக் கம்பிக்கும் இடையில் மற்ற இடங்களைவிடச் சற்று அகலமான இடைவெளி தெரியும்.

ஐதராபாத் நிஜாம் கொடுத்த டியாரா எங்கே?

இல்லை. 1947 திருமணத்துக்கு ஏழாவது நிஜாம் ஒஸ்மான் அலி கான், லண்டன் கார்ட்டியே கடையில் பிடித்ததை எடுத்துக்கொள்ளும்படி இளவரசியிடம் சொல்லிவிட்டார். எலிசபெத் ஒரு மாலையும் பூ வேலைப்பாடுள்ள ஒரு டியாராவும் எடுத்தார். 1973-இல் அந்த டியாராவை அழித்தார்கள். வைரங்களை எடுத்து, பர்மா மக்கள் அதே திருமணத்துக்குத் தந்த 96 மாணிக்கங்களோடு சேர்த்துப் புதிய டியாரா செய்தார் கேரார்ட். உடலுக்கு வரும் 96 நோய்களுக்கு 96 கல் காவல் என்பது பர்மிய நம்பிக்கை. நிஜாம் டியாராவின் ரோஜாப் பூக்கள் மூன்றும் தனித்தனி புரோச்சாகத் தப்பின. மாலையை இப்போது கேட் அணிகிறார். என் ரசனைக்கு, அழித்தது நல்லது, செய்தது சுமார்.

இதை அழிக்க ராணிக்கு உரிமை இருந்ததா என்றால், திருமணப் பரிசு சொந்த நகையாகவே அன்று கொள்ளப்பட்டது. இன்றைய அரண்மனை விதிப்படி, அலுவல் முறையில் வரும் பரிசுகள் வாங்கியவரின் தனிச்சொத்து ஆகாது.

கோஹினூர் எந்த டியாராவில் இருக்கிறது?

டியாராவில் இல்லை. 1849 லாகூர் உடன்படிக்கைப்படி சிறுவன் துலீப் சிங்கிடமிருந்து போன அந்தக் கல், ராணித் தாயாரின் 1937 கிரீடத்தில் லண்டன் டவரில் இருக்கிறது. மேலே சொன்ன மூன்றில் முதல் கூறு.

குடும்ப டியாரா வெளியே விற்கப்பட்டதே இல்லையா?

விற்கப்பட்டிருக்கிறது. ராணியின் தங்கை மார்கரெட், பரம்பரை நகைக்குக் காத்திருக்காமல் 1959-இல் ஏலத்தில் 5,500 பவுண்டுக்கு போல்டிமோர் டியாராவை வாங்கி, அடுத்த ஆண்டு தன் கல்யாணத்தில் அணிந்தார். அவர் இறந்தபின் பிள்ளைகள் 2006-இல் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு விட்டார்கள். 2 லட்சம் பவுண்டு வரை எதிர்பார்த்தது 9,26,400 பவுண்டுக்குப் போனது. மன்னரிடம் போகாத நகைக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. வாரிசு வரி கட்டியாக வேண்டுமே.

இவற்றை நேரில் பார்க்க முடியுமா?

மன்னரிடம் இருப்பவற்றைக் கண்காட்சி வைத்தால்தான் பார்க்க முடியும். 2012-இலும் 2022-இலும் வைர டயடத்தைப் பக்கிங்ஹாம் அரண்மனையில் வைத்தார்கள்.

எப்போதும் பார்க்கக் கிடைப்பது, கைவிட்டுப் போன ஒன்று. 1840-இல், திருமணமான ஆண்டிலேயே, ஆல்பர்ட் விக்டோரியாவுக்கு வடிவமைத்த நீலக்கல் தலையணி. ஐந்தாம் ஜார்ஜ் அதை 1922-இல் மகள் மேரிக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்தார். அத்தோடு அது மன்னர் பேழையை விட்டு விலகியது. பின்னாளில் விற்கப்பட்டு நாட்டை விட்டே போகவிருந்த நேரத்தில் 2016-இல் அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஒரு தம்பதி வாங்கி விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். லண்டன் போனால் நகைக் கூடத்தில் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது.